நாற்பத்தொன்றாவது அழைப்பு

மனைவி நிவேதாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், வீட்டு எச்சரிக்கைகளை அவளுக்குச் சொல்லிவந்த காதுச் சில்லை அணைக்க அறவாழி வார்டு அலுவலகத்துக்கு மூன்றாம் முறையாகப் போனான். முதல் தடவை சான்றிதழில் முத்திரை இல்லை என்றார்கள். அடுத்த தடவை சர்வர் இல்லை.

"அப்படியே அணைக்க முடியாது சார்," என்றாள் கவுன்டர் பெண். "இதுக்கு நாப்பத்தொரு அழைப்பு வருது. தண்ணித் தொட்டி, கேஸ், பாப்பா அழுகை. ஒவ்வொண்ணும் இனி யார் காதுக்குப் போகணும்?"

"எல்லாம் என் காதுச் சில்லுக்கே போடுங்க."

"படிச்சுப் பாத்துடுங்க. சிலது அவங்க தனக்குன்னே வெச்சது."

"வீட்ல வேற யாரும்மா இருக்கா? போடுங்கன்னா போடுங்களேன்!"

அவள் உதட்டைச் சுழித்தபடி பொத்தானை அழுத்தினாள்.

வீடு சேர்வதற்குள் காதில் ஒன்பது அழைப்புகள் கத்திவிட்டன. தொட்டி வழிகிறது. பால் திரிகிறது. பள்ளி வேன் தாமதம். வீடு தானாக நடக்கிறது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தான். மோட்டாரை நிறுத்தி, பாலைக் கொட்டி, மகளை இறக்கிச் சாப்பிட வைத்துவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்தான். மூச்சு முட்டியது.

அப்போது நிவேதாவின் குரல் கேட்டது. அவள் தனக்கென்று பதிந்து வைத்திருந்த குரல்.

"அறவாழிக்கு நெஞ்சு படபடக்குது. எதுவும் கேக்காம பக்கத்துல போய் உக்காரு."

அதைக் கேட்டதும் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது. குரல் மறுபடி வந்தது.