காலிக் கட்டம்

பழைய கூலிப் போராட்டத்தைப் பற்றிய ஆய்வு. எங்கள் ஊர் ஆட்களின் அறுவடைக் கூலியை ‘ஆர்’ என்ற புள்ளிவிவரக் கணினி நிரலில் ஏற்றிச் சராசரி கேட்டேன். ‘விவரமில்லை’ என்றே வந்தது. உடன் வேலை பார்க்கும் துரைராசுவிடம் சொன்னேன். எங்கள் ஊர் மிராசுதாரின் பேரன்.

“எல்லாருக்கும் வர்றதுதான் மேடம். ஒரு கட்டம் காலியா இருக்கும். அந்த ஆளைத் தூக்கிடுங்க, சரியாயிடும்.”

காலியாக இருந்தது என் அப்பா வீரையனின் கட்டம். அரைப்படி நெல் கூட்டிக் கேட்டவர். கூலி அளக்குமுன் வெட்டிப் போட்டார்கள்.

“அந்த ஆளை உங்க தாத்தா அப்பவே தூக்கிட்டாரு சார்” என்றேன்.

அப்பாவை நீக்கினேன். சராசரி வந்தது. அதிகமாகத் தெரிந்ததால் கூலிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். நான் பதிந்ததைவிட எல்லோருக்கும் அரைப்படி ஏறியிருந்தது. நீக்கிய அப்பாவும் திரும்பி வந்திருந்தார். அவர் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது.