அரைப்புள்ளி

"மறுபடியும் செமிகோலனை விட்டுட்டியேம்மா! ஒரு வரி முடிஞ்சா அதை வைக்கணும்னு எத்தனை வாட்டி சொல்றது?"

போனின் மறுமுனையில், வெளிநாட்டில் மகன் தலையில் அடித்துக்கொள்வது அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"அரைப்புள்ளிதானே? மறந்து தொலைச்சிட்டேன்பா."

"எடுத்த எடுப்புல சி மொழி ப்ரோக்ராம்ல குதிக்காதேன்னு சொன்னேன்ல? முதல்ல கம்ப்யூட்டர் எப்படி எண்ணுது, எதை எங்க ஞாபகம் வச்சிருக்குன்னு தெரியணும். நான் வாங்கி அனுப்பின ஒல்லிப் புத்தகத்தைப் படிச்சியா?"

"பிரிச்சேன். தூக்கம் வந்துடுச்சு."

மகன் சிரித்துவிட்டான். பிறகு, பாயின்டர் என்பது கணினியின் நினைவகத்தில் எதைச் சுட்டுகிறது என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தான். அவள் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவன் அப்பா போன பிறகு அந்த வீட்டில் கேட்கிற பேச்சுக்குரல் இது ஒன்றுதான். முன்பெல்லாம் "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வைக்கட்டுமா" என்று கடமையை முடித்துவிடுவான். சி கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் பிள்ளைக்கு வாயே திறந்தது.

"அங்க குளிருதாப்பா?" என்று நடுவில் நுழைத்துப் பார்த்தாள்.

"அதை விடும்மா. ஒரு வார்த்தையைத் திருப்பிப் போடுற ப்ரோக்ராம் எழுதி அனுப்பு. தப்பில்லாம ஓடிச்சுன்னா நீ பாஸ். அப்புறம் நீயே பாத்துக்கலாம், நானும் சும்மா கூப்பிட்டுத் தொணதொணக்க மாட்டேன்."

அவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள். "சரிப்பா" என்றாள்.

"முதல்ல கண் டாக்டரைப் பாரு. அச்சகத்துல பிழை திருத்தின காலத்துல ஒரு கமா உன்கிட்ட தப்பாது. இப்ப பாரு!"

வைத்துவிட்டான். வீடு பழையபடி வாயை மூடிக்கொண்டது.

அவள் எழுந்து கணினி முன் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒல்லிப் புத்தகம். அதன்மேல், அவளே தேடி வாங்கி, அட்டை பிய்ந்துபோகிற அளவுக்குப் படித்த சி மொழித் தடிப் புத்தகம். விரல்கள் எங்கும் தயங்கவில்லை. எழுதி முடித்து ஓட்டிப் பார்த்தாள். முதல் தடவையே பிசகில்லாமல் ஓடியது.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வரியின் முடிவில் இருந்த அரைப்புள்ளியைக் கவனமாக அழித்துவிட்டு, மகனுக்கு அனுப்பினாள்.