ஐந்து லிட்டர்

குவைத் பாலைவனத்தில் ஆடு மேய்க்கப் புறப்படுமுன், முனிரத்தினம் சித்தூர் வீட்டு மீன்தொட்டிக்கு ஒரு தண்ணீர்க் கேனும் வால்வும் பொருத்தினான். ஆவியான தண்ணீரைக் கேன் தானாக ஈடுகட்டியது. கேனில் தினம் ஒரு லிட்டர் குறைந்தது.

மே மாதம் திடீரெனத் தினம் ஐந்து லிட்டர் குறைந்தது. அவன் மனைவி கல்பனா மீன்கடைக்காரரை அழைத்துவந்தாள். தரையில் ஈரமே இல்லை.

“வெயில் ஒரு லிட்டர்தாம்மா குடிக்கும். மீதிய யாரு குடிக்கிறாங்க? வால்வ மூடிட்டு, நீயே தினம் ஒரு சொம்பு ஊத்து.”

மூடினாள். நான்காம் நாள் முனிரத்தினம் போன் செய்தான்.

“தண்ணி வண்டி வந்து பத்து நாளாச்சு, கல்பனா.”

“ஐயோ! இன்னாத்த குடிச்சிக்கினு இருக்கற?”

“காலையில குடத்துல நாலு லிட்டர் இருக்கும். மீன் வாட அடிக்கும். மூணு நாளா அதுவும் இல்ல.”

கல்பனா ஓடிப்போய் வால்வைத் திறந்தாள்.

அன்றிலிருந்து முனிரத்தினத்திடமிருந்து போன் இல்லை. கேனில், கடைக்காரர் சொன்னபடியே, தினம் ஒரு லிட்டர்தான் குறைகிறது.