சண்டேவுக்குச் சாப்பாடு

"பேரு சண்டேயா? உள்ளே மண்டே, டியூஸ்டே யாராச்சும் இருக்காங்களான்னு பாக்கட்டுமா?"

கைதி முகாமின் முள்வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டான். அமெரிக்கப் படையோடு பக்கத்துத் தீவிலிருந்து வந்து இறங்கியவன். எர்மினுக்குச் சிரிப்பு வரவில்லை. கிரெனடாவில் சண்டை ஓய்ந்ததிலிருந்து தினமும் தூக்குச்சட்டியோடு இந்த வேலியில்தான் நிற்கிறாள்.

"நல்லாப் பாருங்க சார். ஏர்போர்ட் கட்டுற இடத்துல கொத்தனாரு. நீங்க வந்து எறங்குறதுக்கு முந்தின நாள் வேலைக்குப் போனவரு, இன்னும் வீடு திரும்பல."

"முழுப் பேரு சொல்லும்மா. லிஸ்ட்டுல அதுதான் இருக்கு."

"எல்லாரும் சண்டேன்னுதான் கூப்பிடுவாங்க. கரியக்கூ தீவுல பொறந்தவரு. முழுப் பேரக் கேட்டா, 'கிறிஸ்துமஸுக்கு நமக்குக் கல்யாணம், அப்ப ஃபாதர் வாசிப்பாரு, கேட்டுக்கோ'ன்னு சிரிப்பாரு."

சொல்லிக்கொண்டே தூக்குச்சட்டியை வேலிக்கு மேல் தூக்கிக் காட்டினாள். போலீஸ்காரன் கொஞ்சம் இளகிவிட்டான். பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தடவை பார்த்தான். சண்டே இல்லை.

"ஒண்ணு செய்யேன். காயம்பட்டவங்க கூடாரத்துல ஒருத்தன் கிடக்கிறான். இக்னேஷியஸ் மாடஸ்ட்டுன்னு பேரு. தொடையில பட்ட குண்டு புரையோடிப் போச்சு. இன்னிக்குத் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு. பார்க்க ஒரு நாதியில்ல. தங்கச்சின்னு சொல்லிக்கோ, நான் கண்டுக்க மாட்டேன். போய் ஒரு வாய் ஊட்டிட்டு வா."

"எங்க ஊருப் பட்டாளத்துக்காரனா?"

"உடுப்போடதான் தூக்கிட்டு வந்தாங்க."

எர்மினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் கோட்டையில் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டவர்கள் அந்த உடுப்புக்காரர்கள்தான். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள் ஒருத்தி அங்கேயே விழுந்து செத்தாள்.

"சொந்த ஜனத்தையே சுட்டுத் தள்ளுனானுங்க. அதனாலதானே உங்களுக்கெல்லாம் இங்க கப்பலேறி வர ஒரு சாக்கு கெடைச்சது? அந்தப் பாவிக்கு என் கையால சோறா? நாய்க்குப் போட்டாலும் போடுவேனே தவிர, அவனுக்குக் கொடுக்க மாட்டேன்!"

சொன்னபடியே செய்தாள். பஸ் நிற்கும் இடத்தில் படுத்திருந்த நாய்க்கு முன்னால் தூக்குச்சட்டியைக் கவிழ்த்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த ஈரப்பலாவும் கருவாடும். அடிப்பிடித்த பாகம் சண்டேவுக்கு உயிர் என்று வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டிருந்தாள். நாய் அதையும் நக்கித் தீர்த்தது.

மூன்றாம் நாள் நண்பகல். நாளைய சமையலுக்குக் கருவாடு வாங்க கிளாரிஸ் அக்கா கடைக்குப் போனாள். ரேடியோ நிலையம் இப்போது அமெரிக்கப் படையின் கையில். ஆனாலும் சாவு அறிவிப்புக்கு ஊர் பழையபடிதான் வாயை மூடிக் காது கொடுத்தது.

"இக்னேஷியஸ் மாடஸ்ட்டின் மறைவை வருத்தத்துடன் அறிவிக்கிறோம்..."

எர்மின் உதட்டைச் சுழித்தாள். "பட்டாளத்துக்காரன். தொலையட்டும். நீங்க அரை பவுண்டு போடுங்க அக்கா, காலையில வேலிக்குப் போகணும்."

"அப்படிச் சொல்லாதடி. அமெரிக்காக்காரன் எறங்குன அன்னிக்கு ஏர்போர்ட்ல வேலைக்கு நின்ன ஜனங்களுக்கும் நம்ம பட்டாளம் உடுப்ப மாட்டி, துப்பாக்கியக் கையில திணிச்சாங்களாம். எவன் பெத்த புள்ளையோ."

கருவாட்டுக்கு நீட்டிய எர்மினின் கை அப்படியே நின்றது.

"...கரியக்கூவில் பிறந்தவர்," ரேடியோ தொடர்ந்தது. "கொத்தனார். நண்பர்கள் எல்லோருக்கும் 'சண்டே' என்றால்தான் தெரியும்."