ஏலக்காரரின் தாடை

"வாயைத் திறங்க கிளைவ். மெதுவா."

"மெதுவாத்தான் திறக்குது. சட்டுனு திறந்தா உன்கிட்ட எதுக்கும்மா வரப்போறேன்?" எரிந்து விழுந்தார் கிளைவ்.

நியூ சவுத் வேல்ஸ் ஆட்டுச் சந்தையில் ஏலம் கூவிக் கூவியே ஆளானவர். அந்த வாய்க்குத்தான் இப்போது பூட்டு. ஊரில் இருந்த ஒரே பிசியோதெரபிஸ்ட் ஜோஸி. கிளைவோடு போட்டி போடும் ஏலக்காரன் நெவிலின் மருமகள். வேறு போக்கிடம் இல்லை.

ஜோஸி அவருடைய இரண்டு காதுகளுக்கு முன்னாலும் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னாள். 'டக்' என்றது.

"தாடை இடப்பக்கம் கோணுது. மூணு விரல் நுழையணும், உங்களுக்கு ஒண்ணரைதான் போகுது. தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?"

"உன் மாமனாரை நினைச்சா முழிச்சிருக்கும்போதே கடிப்பேன்!"

அவள் சிரிக்கவில்லை. "மூட்டு ரொம்பக் கெட்டிருக்கு. ரெண்டு வாரம் கூவக் கூடாது. மீறினா மொத்தமா மாட்டிக்கும்."

"சனிக்கிழமை கிடா விற்பனை! என் வருஷமே அதுலதான் ஓடுது!"

"எங்க மாமனாரைக் கேட்டுப் பாருங்களேன்..."

"அடேயப்பா! இதுக்குத்தானா இத்தனை விரல் வெச்சு அளந்தே? என்கிட்ட ஆடு விக்கக் குடுக்குற பண்ணைக்காரங்களைக் குடும்பமா சேர்ந்து வளைக்கப் பாக்குறீங்களா? அவங்க கம்பளி மூட்டையெல்லாம் தூக்கி நானா சேர்த்த ஆளுங்கம்மா!"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். வீட்டில் வீம்புக்கு உரக்கக் கூவியும் பார்த்தார்.

சனிக்கிழமை காலை, ரொட்டியைக் கடித்தவரின் தாடை அப்படியே மாட்டிக்கொண்டது. முனகல்தான் வந்தது. மனைவி பதறிப்போய்ச் சந்தை ஆபீசுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு, அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

ஊசி போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தால், ஏலம் பாதி முடிந்திருந்தது. பட்டிகளுக்கு மேலே போகும் நடைபலகையில் நின்று நெவில் கூவிக்கொண்டிருந்தான். அதுவும் கிளைவின் பண்ணைக்காரர்களுடைய கிடாக்களை!

'திருட்டுப் பயலே! நான் படுக்கட்டும்னுதானே காத்திருந்தே?'

வாய் திறக்காவிட்டால் என்ன, கை இருக்கிறதே. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு படியேறினார் கிளைவ்.

கீழே நின்ற வியாபாரி ஒருவர் கத்தினார்: "நெவில், பணத்தை உன் கம்பெனிக்குத்தானே கட்டணும்?"

நெவில் கையிலிருந்த குச்சியால் கம்பியை ஓங்கித் தட்டினான்.

"எவன்டா சொன்னது? ஏலம் கிளைவோடது, கமிஷன் கிளைவோடது. வாய் மட்டும்தான் என்னோடது!"