பச்சை டிக்

அவள் மூன்றாவது முறையாகப் படித்தாள்.

எதிரே இட்லியைப் பிட்டபடி அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிய மனைவியின் முகத்தை இத்தனை கவனமாகப் பார்த்து வருடங்கள் இருக்கும்.

போனில் இருந்தது ஒரு வேலை விளம்பரம். பழைய பத்திரங்களை வீட்டிலிருந்தபடியே டைப் செய்து தர வேண்டும். பெண்களுக்கு முன்னுரிமை.

அனுப்பியவள் ராஜபாளையம் வேலுத்தாய். 'அக்கா, இது நெசமா, டூப்பா? பாத்துச் சொல்லுங்க.'

ஆன்லைனில் வேலை தேடும் நாற்பத்திரண்டு பெண்களின் வாட்ஸாப் குழு அது. அத்தனை பேரும் ஒரு முறையாவது ஏமாந்தவர்கள். அதனால் அங்கே ஒரு வழக்கம். எந்த விளம்பரம் வந்தாலும் முதலில் சுகந்தி அக்கா பார்க்க வேண்டும். அக்கா பச்சை டிக் போட்டால் விண்ணப்பிக்கலாம். சிவப்பு என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

இரண்டு வருடங்களில் அவள் போட்ட பச்சை வெறும் ஒன்பது. ஒன்றுகூடப் பொய்த்ததில்லை.

கூலி அதிகம் என்றால் சிவப்பு. முன்பணம் கேட்டால் சிவப்பு. 'கடைசி மூன்று இடம், உடனே வாருங்கள்' என்று விரட்டினால் சிவப்பு. இதையெல்லாம் சாப்பிடும்போது அவனிடம்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவனும் கேட்டுக்கொண்டான். நன்றாகவே கேட்டுக்கொண்டான்.

அந்த விளம்பரத்தை எழுதியது அவன்தான்.

எழுதிப் பிழைக்கும் அவனுக்கும் பதினொரு மாதம் வேலை இல்லை. சாம்பிள் எழுதிக் கொடு என்பார்கள். கொடுத்ததும் காணாமல் போவார்கள். பிறகு அவன் எழுதியது வேறு பெயரில் எங்காவது வந்திருக்கும். அப்போதுதான் இந்தக் கம்பெனி வந்தது. விளம்பரம் மட்டும் எழுதினால் போதும் என்றது. சொன்ன தேதியில் கூலி கொடுத்தது. பதினொரு மாதத்தில் அவனை ஏமாற்றாத ஒரே கம்பெனி, ஊரை ஏமாற்றும் கம்பெனி.

தெரியாமல் செய்தேன் என்று அவன் சொல்ல முடியாது. வேலைக்கு எடுத்த பிறகு அனுப்பும் ஒப்பந்தத்தை அவனுக்கும் காட்டியிருந்தார்கள். பிழை அதிகமானால் நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்று ஒன்பதாவது வரி சொன்னது. அதே மாதிரி ஒரு வரியைக் காட்டித்தான் மூன்று வருடம் முன்பு வேறொரு கம்பெனியிடமிருந்து சுகந்திக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. இரண்டு வாரம் ராப்பகலாக டைப் அடித்துக் கொடுத்ததற்கு அதுதான் கூலி. அதை வைத்துக்கொண்டு அவள் அழுதது அவனுக்கு மறக்கவில்லை.

மறக்காததால்தான் நன்றாக எழுத முடிந்தது.

கூலியைக் குறைத்துப் போட்டது அவன் யோசனை. இன்னொரு வரியும் அவனாகச் சேர்த்தான். அந்த இடத்தில்தான் அவள் நின்றாள். சத்தமாகப் படித்தாள்.

"'பிழை வந்தால் பயப்பட வேண்டாம், நாங்களே திருத்திக்கொள்வோம்.' பாத்தீங்களா? இத எழுதுனவங்க நம்மள மாதிரி அடிபட்டவங்கங்க."

"எதுக்கும் யோசிச்சுப் போடு."

"ஏங்க? எதுவும் கேள்விப்பட்டீங்களா?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல அவன் உட்கார்ந்திருந்தான்.

"சும்மா சொன்னேன்."

அவள் பச்சை டிக் போட்டாள்.

அவன் கை கழுவிவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். விண்ணப்பங்கள் வந்து விழும் பட்டியல் அவனிடமும் உண்டு. ஒரே ஆள் இரண்டு முறை போட்டிருந்தால் ஒன்றை நீக்குவது அவன் வேலை.

பத்து நிமிடம் எதுவும் வரவில்லை. பிறகு வர ஆரம்பித்தன.

வேலுத்தாய், ராஜபாளையம்.

நூர்ஜஹான், பரமக்குடி.

ஸ்டெல்லா, கோவில்பட்டி.

ஒருவரையும் அவன் பார்த்ததில்லை. ஆனால் யாருக்கு எத்தனை பிள்ளை, யார் வீட்டில் யார் படுக்கையில் என்று எல்லாம் தெரியும். சாப்பிடும்போது அவள் அதையும்தான் சொல்வாள்.

பதினேழாவதாக, சுகந்தி.

அடுத்த அறையில் இருந்துதான் அனுப்பியிருந்தாள். 'முன்பு ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். உங்கள் விளம்பரத்தைப் படித்தபின் மறுபடி நம்பலாம் என்று தோன்றியது.'

அவன் அந்த ஒரு வரிசையை மட்டும் நீக்கினான்.

கை வேலுத்தாயின் பெயருக்கும் போனது. ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாது. இருபது குறைந்தால் கேட்பார்கள். கேட்டால் இந்த வேலையும் போகும். தன்னை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது. பட்டியலை அனுப்பிவிட்டான்.

சாயங்காலம் வேலை உறுதி என்ற செய்திகள் வர, குழுவில் ஒரே கொண்டாட்டம். எல்லோரும் சுகந்தி அக்காவுக்கு நன்றி சொன்னார்கள். அவளும் ஒவ்வொருவருக்கும் வாழ்த்து அனுப்பினாள். ஒருவரையும் விடவில்லை.

அதன் பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எல்லாருக்கும் வந்துருச்சுங்க. போன மாசம் டைப்பிங் கத்துக்கிட்ட பொண்ணுக்குக்கூட வந்துருச்சு. எனக்கு மட்டும் வரல."



அவள் போனை எடுத்து, தான் அனுப்பிய விண்ணப்பத்தைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.

"நீங்கதான் எழுதுறவராச்சே. நான் எங்க தப்புப் பண்ணேன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."