பட்டாளம் வந்தாச்சு

"சார், பட்டாளம் வந்தாச்சு!" என்று வாசலில் இருந்து பியூன் குரல் கொடுத்ததுமே கிளார்க்குக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரி நர்சுகளின் பணிப் பதிவேடுகளைப் பார்க்கும் பிரிவு அது. பதினாறு வருடமாக அவர்தான் அங்கே ராஜா. வருகிறவர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் வேலை வரும். எதற்கு வம்பு?

மேஜைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கான்வாஸ் ஷூ இரண்டு வந்து நின்றன. இது ஆறாவது தடவை.

"என்ன சிஸ்டர், மறுபடியுமா?"

"பேப்பர் கேட்டீங்களே சார். கொண்டு வந்திருக்கேன்."

ராணுவத்தில் ஏழு வருடம் நர்சாக இருந்துவிட்டு இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒருவரின் ஃபைல் அது. அதைப் பார்த்துத்தான் கிளார்க் 'பட்டாளம்' என்று பெயர் வைத்திருந்தார். அந்த ஏழு வருடத்தையும் சேர்த்தால் சம்பளம் ஏறும், பென்ஷன் கூடும், காலியாகக் கிடக்கும் தலைமை நர்ஸ் பதவியும் கைக்கு வந்துவிடும். சேர்க்காவிட்டால், நாலு மாதத்தில் சாதாரண வார்டு நர்சாகவே ரிட்டயர் ஆக வேண்டியதுதான்.

முதல் தடவை, விதியில் இடமில்லை என்று கையை விரித்தார். மறுநாளே விதியின் நகல் மேஜைக்கு வந்தது. சான்றிதழில் ராணுவத்திலிருந்து விடுவித்த தேதி அழிந்திருக்கிறது என்றார். ஒரு மாதம் கழித்துப் புதுச் சான்றிதழ் வந்தது. சீல் சரியில்லை என்றார். அதுவும் சரியாகி வந்தது. பிடித்த பிடியை விடுகிற ஜென்மமாகத் தெரியவில்லை.

போன தடவை அவர் வீசியது பெரிய கல். அதையே இன்றும் எடுத்தார்.

"வேலைக்குச் சேர்ந்த ஒரு வருஷத்துக்குள்ள அப்ளிகேஷன் குடுத்திருக்கணும் சிஸ்டர். குடுக்கலையே! நான் என்ன பண்ண முடியும்?"

"குடுத்திருக்கு சார்."

ஒரு ஜெராக்ஸ் தாள் மேஜையில் விழுந்தது.

"பதிமூணு வருஷத்துக்கு முந்தின உங்க ஆபீஸ் தபால் ரிஜிஸ்டர். ரெக்கார்டு ரூம்ல மூணு நாள் தூசி தின்னு எடுத்தேன். நாலாவது வரியில அப்ளிகேஷன் வந்த தேதி இருக்கு. பக்கத்துலயே 'இயலாது'ன்னு ஒரு கையெழுத்தும் இருக்கு. யாருதுன்னு பாருங்க சார்."

பார்த்தார். அவருடையதேதான்.

"அன்னைக்கே இன்னும் நாலு தடவை வந்து கேட்டிருக்கலாமே? இங்க முதல் தடவை எல்லாருக்கும் முடியாதுன்னுதான் சொல்லுவோம். ஊருக்கே தெரியும்!"

"ஊருக்குத் தெரியும் சார். பட்டாளத்துக்குத் தெரியாது. அங்க முடியாதுன்னா அது உத்தரவு. சரின்னு சொல்லிட்டுத் திரும்பி நடந்துட வேண்டியதுதான். நீங்க பேச்சுக்குச் சொல்றீங்கன்னு அங்கிருந்து வந்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கிளார்க்குக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கடைசியாக ஒன்று கையில் வைத்திருந்தார்.

"சரி, சேர்த்துட்டேன்னே வைங்க. சீனியாரிட்டி லிஸ்ட்ல இப்ப முதல் இடத்துல ஒருத்தங்க இருக்காங்களே, அவங்க ரெண்டாவது இடத்துக்கு இறங்கிடுவாங்க. தலைமை நர்ஸ் ஆகப்போறேன்னு வீட்ல எல்லாம் சொல்லியிருப்பாங்க. அவங்க வயித்தெரிச்சல் உங்களுக்கு எதுக்கு சிஸ்டர்?"

ஷூ இரண்டும் கொஞ்சம் நகர்ந்து, மறுபடி அதே இடத்தில் ஊன்றி நின்றன.

"சொல்லித்தான் இருப்பா," குரல் தணிந்திருந்தது. "ஆனா, ஒரு விபத்துக் கேஸ் ரத்தமும் சதையுமா வந்து விழுந்தா எங்க வார்டுல எல்லாரும் யாரைத் திரும்பிப் பார்க்கிறாங்கன்னு ஒரு நாள் வந்து பாருங்க. அந்த முதல் இடத்துக்காரியும் அதே முகத்தைத்தான் பார்ப்பா. பேப்பர்ல மட்டும் எதுக்கு சார் இடம் மாத்தி நிக்கணும்? அவளுக்கே அது உறுத்தாதா?"

'அவ'ளாம், 'இவ'ளாம்! ஒரு மரியாதை கிடையாது. இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது போலிருக்கிறது என்று கிளார்க் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

ஆனால் அந்த 'இயலாது' கையெழுத்து மேஜையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலே போனால் யார் தலை உருளும் என்று அவருக்கா தெரியாது? ஃபைலைத் தூக்கிக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனார். அரை மணி நேரத்தில் கையெழுத்தோடு திரும்பினார். பட்டியலைத் திருத்தி அச்செடுத்தார். முதல் பெயர் இரண்டாவதானது, ஐந்தாவது பெயர் முதலாவதானது.

"இந்தாங்க ஆர்டர். வாங்கிக்கிட்டேன்னு இந்த நோட்டுல கையெழுத்துப் போடுங்க. பட்டாளம் ஜெயிச்சாச்சு! நாளைக்கு அந்தப் பழைய முதல் இடத்துக்காரங்க வந்து என் சட்டையைப் பிடிக்கப் போறாங்க. நான்தான் மாட்டிக்கிட்டேன்."

"வரமாட்டா சார்."

நோட்டை வாங்கிப் பார்த்த கிளார்க்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையெழுத்தில் இருந்தது பட்டாளத்தின் பெயர் இல்லை. சற்றுமுன் தன் கையாலேயே இரண்டாவது இடத்துக்கு இறக்கிய பெயர். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து எதிரே இருந்த முகத்தைப் பார்த்தார்.

"இனி எதுக்கு சார் வரப்போறா?" என்று ஆர்டரை மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டே சொன்னாள் அவள். "அவதான் ஆறு தடவை வந்து சண்டை போட்டு முடிச்சுட்டாளே!"